ஊட்டி மலை ரயில்: கார்டு சொன்ன பொய்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் போன மாதம் மகளோடு போய் வந்தேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஆனால் என் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். இந்த ரயிலில் நான் முதலில் ஏறியது 1993இல், ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில். அப்போது எங்களுடன் கார்டு இருந்தான்.

கார்டு என்பது பட்டப்பெயர். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. படிப்பில் சுமார்தான். ஆனாலும் அவன் எந்த பெஞ்சில் உட்காருகிறானோ அதுதான் முதல் பெஞ்ச். திருச்சியிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்து தூக்கக் கலக்கத்தோடு பிளாட்பாரத்தில் நின்றவர்களிடம், "இந்த எஞ்சின் எங்கப்பா செஞ்சது" என்றான். எல்லோரும் நம்பிவிட்டோம். அறிவியல் சார் மட்டும் எஞ்சினில் இருந்த தகட்டைப் படித்துவிட்டு, "வின்டர்தூர், ஸ்விட்சர்லாந்துன்னு போட்டிருக்கே. உங்கப்பா அங்கயா வேலை பாக்குறார்?" என்றார்.

"டெபுடேஷன் சார்."

சாரே சிரித்துவிட்டார்.

கல்லாறு வரை இது சாதாரண ரயில்தான். அதற்கப்புறம் குன்னூர் வரைதான் விசேஷம். 12 அடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதால் முதல் பெட்டிக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்காது. காசு இருந்தால் அந்த முதல் வகுப்பில் போங்கள். இல்லாவிட்டால் குன்னூர் வரை இடப்பக்க ஜன்னல். இதுவும் கார்டு சொன்னதுதான், பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்காரர் கொடியோடு நிற்பார். கார்டு தன் எலுமிச்சைச் சாதத்தில் பாதியை அவருக்குக் கொடுத்து சிநேகமாகிவிட்டான். அவர் பச்சைக் கொடி காட்டினால் இவன் கைக்குட்டையை ஆட்டுவான். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

வழியில் 16 குகைகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையைத் தூக்குவான், பெட்டியே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கையை இறக்கினால் எல்லோரும் "ஓ" என்று கத்த வேண்டும். ஒரு குகையில் மட்டும் தூக்கிய கையை இறக்கவில்லை. கும்மிருட்டு. நாற்பது பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், அடியில் பல்சக்கரம் கடக் கடக் என்று கடிப்பதும் கேட்டது. யாரோ பயத்தில் என் கையைப் பிடித்தார்கள். வெளிச்சத்துக்கு வந்ததும் பார்த்தால், கார்டு கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

சரி, ரிவ்யூவுக்கு வருகிறேன். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் ஆகும், அவசரக்காரர்கள் பஸ்ஸில் போய்விடலாம். இருக்கைகள் நெருக்கம், முழங்கால் இடிக்கும். பெட்டியில் கழிப்பறை கிடையாது. எஞ்சின் தண்ணீர் குடிக்க ஹில்குரோவில் நிற்கும்போதே போய்விட்டு வாருங்கள். அங்கே குரங்குகளின் ராஜ்ஜியம், தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். இறங்கும் வழியில் ஒரு கடையில் வாங்கிய வர்க்கி மட்டும் நமத்துப்போயிருந்தது, ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டிக்கெட்டை முன்பதிவு திறந்த அன்றே எடுத்துவிடுவது நல்லது.

அன்று நிலக்கரி எஞ்சின். ஊட்டி சேரும்போது வெள்ளைச் சட்டையெல்லாம் கரும்புள்ளி, கண்ணில் கரித்தூள். இந்த முறை எண்ணெயில் எரியும் எஞ்சின் என்பதால் சட்டை பிழைத்தது. குகைகளில் மகள் கத்தினாள், பெட்டி முழுக்கக் கத்தியது. ஒன்றிலாவது கையைத் தூக்கிப் பார்க்கலாமா என்று தோன்றியது. கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் மாட்டுவார்கள். இறங்கிப்போய்ப் பார்த்தேன். இரும்பைத் துடைத்துக்கொண்டிருந்த ஊழியரிடம், "அண்ணே, இது ஸ்விட்சர்லாந்து எஞ்சினா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பழசு சார். இது நம்ம பொன்மலையில செஞ்சது."

டெபுடேஷன் முடிந்து ஊர் திரும்பிவிட்டார் போலிருக்கிறது.