எல்சாட் வாசிப்புப் பகுதி: எட்டு மாதமாகத் தப்பான விடைகளை அடித்த கதை

சரியான விடையைத் தேடாதே, தப்பானதை அடித்து நீக்கு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் நுழைவுத் தேர்வான எல்சாட்டை (LSAT) எழுதுகிற யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். எட்டு மாதம் அப்படியே செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

35 நிமிடத்தில் நாலு பாசேஜ், 27 கேள்வி போல வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடை. 2024 ஆகஸ்டில் லாஜிக் கேம்ஸ் என்ற தர்க்கப் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டார்கள், அதனால் இந்தப் பகுதியில் சறுக்கினால் ஈடுகட்ட அதிக இடமில்லை. முதல் இரண்டு மாதம் எனக்கு மதிப்பெண் குறையத்தான் செய்தது. ஐந்தையும் சந்தேகப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தால் நாலாவது பாசேஜுக்கு நேரம் எங்கே இருக்கும்?

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். அடிக்கிற ஒவ்வொரு விடைக்கும், அதைக் கெடுத்த சொல் எது என்று எழுத வேண்டும், "சரியாகப் படவில்லை" என்றெல்லாம் எழுதக் கூடாது. பாதிக்கு மேல் எழுத முடியவில்லை, அத்தனை நாளும் காரணமே இல்லாமல் அடித்திருக்கிறேன்! உதாரணமாக, ஒரு கொள்கை போதாது என்று ஆசிரியர் சொல்லியிருப்பார், விடையில் அவர் அதை நிராகரிக்கிறார் என்று இருக்கும். மற்றதெல்லாம் அச்சு அசல் பாசேஜில் உள்ளதுதான், அந்த ஒரு வினைச்சொல்தான் விஷம். எதிர்த் தரப்பு சொன்னதை ஆசிரியர் தலையில் கட்டுகிற விடைகளும் நிறைய வரும், அவசரத்தில் கண்ணுக்கே தெரியாது.

குறையும் உண்டு. "எப்போதும்", "மட்டுமே" என்று பார்த்தாலே அடிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு பயிற்சித் தேர்வில் பாசேஜே "மட்டுமே" என்று சொல்லியிருந்தது, நான் சரியான விடையை அடித்துவிட்டு மீதி நாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எல்சாட்டுக்கான இணையதளமான லாஹப் (LawHub) திரையில் அடித்ததும் அந்த விடை மங்கிப்போகும், கண் திரும்ப அந்தப் பக்கம் போகவே போகாது. அதனால் இப்போது காரணம் சொல்ல முடிந்ததை மட்டும்தான் அடிக்கிறேன். மையக் கருத்துக் கேள்வியில் அடிப்பதே இரண்டாம் வேலை, முதலில் என் வாயால் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் விடைகளைப் பார்ப்பேன்.

இந்த முறை நிஜமாகவே பலித்தது இரட்டைப் பாசேஜில், அதாவது தொடர்புள்ள இரண்டு சின்னப் பாசேஜ்கள் சேர்ந்து வருவதில். இரண்டுக்கும் பொதுவானது எது என்று கேட்டால், முதல் பாசேஜில் இல்லாததை எல்லாம் முதலில் கழித்துவிட வேண்டும், பெரும்பாலும் இரண்டுதான் மிஞ்சும், அந்த இரண்டை மட்டும் அடுத்ததில் தேடினால் போதும். முன்பெல்லாம் பயந்து கடைசிக்குத் தள்ளுவேன், இப்போது அதைத்தான் முதலில் எடுக்கிறேன்.