வேன் ஏசிக்கு ஜெனரேட்டர் வாங்குபவர்களே, ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டில் கேரவன் ஏசிக்காகச் சின்ன ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

எங்கள் வேனின் கூரையில் இருப்பது 13,500 பிடியூ ஏசி, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. ஓடும்போது ஏறக்குறைய 1,500 வாட் இழுக்கும். கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல இரண்டு மடங்காவது கேட்கும். இதையெல்லாம் கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன், ஏசியின் தகட்டையும் போனில் காட்டினேன். "அண்ணா, இது 3 கேவிஏ. ஏசியோட ஃப்ரிட்ஜும் சேர்ந்து ஓடும், நான் கேரண்டி" என்றார், நல்ல தமிழில். பணம் கட்டி எடுத்து வந்தோம்.

அல்சூரில் வீட்டு வாசலில் வைத்து ஓட்டினால், ஃபேன் மட்டும் சுற்றுகிறது. கம்ப்ரசர் உறுமுகிறது, இன்ஜின் திணறுகிறது, ஓவர்லோடு விளக்கு சிவப்பாக எரிந்து கரண்ட் நின்றுவிடுகிறது. எத்தனை முறை போட்டாலும் இதே கதைதான். பக்கவாட்டில் இருந்த பளபளப்பான ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தேன். அடியில் கம்பெனித் தகடு: ரேட்டட் (தொடர்ந்து தரக்கூடியது) 1.6 கிலோவாட், மேக்ஸிமம் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும்) 2 கிலோவாட். 3 கேவிஏ என்பது அந்த ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்தது! உண்மையான 3 கேவிஏ என்றால், 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் எவ்வளவு கிலோவாட்டாகக் கிடைக்கும் என்ற விகிதம்) 2.4 கிலோவாட் வர வேண்டும். அதோடு பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் பெட்ரோல் இன்ஜின் இங்கே பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும்.

திரும்பக் கொண்டுபோனால், "நீங்கதான் ஓவர்லோடு பண்ணிட்டீங்க, வாரண்டி போச்சு" என்கிறார். ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை. பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டுகிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் உங்களுக்கு உண்டு.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது, வாங்கும்போது அவர் சொன்ன யோசனை: "வெளியே வச்சா திருடு போயிடும், வண்டிக்குள்ளயே பின்னாடி வச்சுக்கோங்க, ஜன்னலை லேசா திறந்துவிட்டாப் போதும்." போதவே போதாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். எங்கள் வேனில் குழந்தைகள் தூங்குவார்கள் என்று தெரிந்தும் அதைச் சொன்னார். ஜெனரேட்டர் எப்போதும் வெளியேதான், வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, புகைக்குழாய் மறுபக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும்.

வாங்குகிறவர்கள் வேனையே கடை வாசலுக்குக் கொண்டுபோய், கம்ப்ரசர் கிளம்பி ஓடுவதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஏசிக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் (கம்ப்ரசரை மெதுவாகக் கிளப்பும் சின்னக் கருவி) போட்டால் கிளம்பும்போது இழுப்பது பாதிக்கும் கீழே குறையும், அப்போது சின்ன மெஷினும் சமாளிக்க வாய்ப்புண்டு. ரேட்டட் எத்தனை வாட் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் பதிந்திருக்கிறேன். உரித்த ஸ்டிக்கர், தகடு இரண்டின் படங்களும் பத்திரமாக இருக்கின்றன. இதே போல் ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் யாரிடமாவது இருந்தால், உரித்துப் பார்த்துவிட்டு நீங்களும் புகார் கொடுங்கள்.