வேலியும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம்: இங்கிலாந்து கால்பந்து மைதானங்களின் காவல் ஏற்பாடு எப்படி?

டிக்கெட் காசில் ஆட்டம் மட்டும் வருவதில்லை. நடுவில் எவனும் களத்துக்குள் ஓடிவந்து ஆட்டத்தைக் கெடுக்கமாட்டான், ஆடுகிறவன் மேல் கைவைக்கமாட்டான் என்ற உத்தரவாதமும் அதில் அடக்கம். இங்கிலாந்தில் அந்த உத்தரவாதத்தைத் தாங்கி நிற்பவை நான்கு: களத்தைச் சுற்றியுள்ள விளம்பரப் பலகை, அதன் ஓரம் உட்கார்ந்து கூட்டத்தைக் கண்காணிக்கும் மைதான ஊழியர்களான ஸ்டூவர்டுகள், கிளப் போடும் தடை, கடைசியாக நீதிமன்றம். 2022-23 பருவம் தொடங்கும்போது முதல்தர லீக்கான பிரீமியர் லீக், அதற்குக் கீழுள்ள லீக்குகளை நடத்தும் இஎஃப்எல், நாட்டின் கால்பந்துச் சங்கமான எஃப்ஏ மூன்றும் சேர்ந்து இதை இறுக்கின. களத்தில் இறங்கினால் கிளப்பின் தடை தானாக விழும். பிடிபட்ட ஒவ்வொருவர் விவரமும் போலீசுக்குப் போகும்.

இறுக்கக் காரணம் 2022 மே மாதத்தின் ஒரே வாரம். மே 17 அன்று நாட்டிங்ஹாமில், பிரீமியர் லீக்குக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் அரையிறுதி பெனால்டி ஷூட்அவுட்டில் முடிந்ததும் கூட்டம் இறங்கியது. அன்று ஆடாமல் கோட்டோரம் நின்றிருந்த ஷெஃபீல்டு யுனைடெட் வீரர் பில்லி ஷார்ப்பை ஒருவர் ஓடிவந்து தலையால் முட்டிச் சாய்த்தார். மே 19 அன்று எவர்ட்டன் தரமிறங்காமல் தப்பிய கொண்டாட்டத்தில் கிரிஸ்டல் பேலஸ் மேலாளர் பாட்ரிக் வியேரா ரசிகர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். மே 22 அன்று மான்செஸ்டர் சிட்டி பட்டம் வென்றதும் ஆஸ்டன் வில்லா கோல்கீப்பர் ராபின் ஓல்சன் தாக்கப்பட்டார். மூன்றும் கொண்டாட்டக் கூட்டம். மூன்றும் ஆட்டம் முடிந்த பிறகு நடந்தவை. இந்த இரண்டாவது விஷயத்துக்குக் கடைசியில் வருவோம்.

இப்படி ஒன்று நடந்தால் உடனே ஒரு குரல் எழும்: "கம்பி வேலி போட்டால் முடிஞ்சது." அந்தச் சரக்கை இங்கிலாந்து ஏற்கெனவே வாங்கிப் பார்த்துவிட்டது. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம்: பின்னாலிருந்து கூட்டம் நெருக்க, முன்னால் வேலி, இறந்தவர்கள் 97 பேர். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1985 மே 11 அன்று, பிராட்ஃபோர்டில் மரக்கேலரி தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் ஓடியவர்கள் பூட்டிய வாயில்களில் சிக்கினார்கள். முன்பக்கம் வேலி இல்லாததால் சுவரைத் தாண்டிக் களத்துக்குள் குதித்தவர்கள் பிழைத்தார்கள். ஆபத்து வந்தால் மைதானத்தில் மிகப் பாதுகாப்பான இடம் அந்தப் புல்தரைதான். அதை நிரந்தரமாக அடைக்கும் எந்தச் சாதனமும் கழித்துக்கட்ட வேண்டியது. ஹில்ஸ்பரோவை விசாரித்த டெய்லர் அறிக்கை வேலி இருந்தால் 2.2 மீட்டருக்கு மேல் கூடாது, முள்முனை கூடாது என்றது. பெரிய கிளப்புகள் வேலியையே பிடுங்கிப் போட்டன. பிரேசிலின் பழைய மரக்கானா மைதானத்தில் இருந்ததுபோல அகழி வெட்டலாமே என்பார்கள். அகழி என்பது படுத்துக்கிடக்கும் வேலி. ஓடிவருபவனைத் தடுப்பதுபோல ஸ்ட்ரெச்சரையும் தடுக்கும்.

இறங்கிவிட்ட கூட்டத்தை விரட்டும் வழியும் கொல்லும். 1964 மே 24 அன்று பெருவின் லிமாவில் கோல் மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் சிலர் களத்தில் குதிக்க, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. மூடிய வாயில்களில் நெரிந்து 300 பேருக்கு மேல் இறந்தார்கள். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் அதே வரிசை, அதே புகை, 135 உயிர்கள். மைதானத்துக்குள் புகைக்குண்டு கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதியே சொல்கிறது. களத்தில் இறங்கியது குற்றம்தான், ஆனால் அதற்கான தண்டனை நீதிமன்றத்தில் நடக்க வேண்டியது, கேலரியில் அல்ல.

வேலி போனபின் மிச்சம் இருப்பது சுமார் ஒரு மீட்டர் உயரப் பலகையும் ஆளும். பலகை யாரையும் நிறுத்தாது; இரண்டு நொடி தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அந்த இரண்டு நொடியைப் பயன்படுத்துவது ஸ்டூவர்டின் வேலை. நல்ல குழுவை அடையாளம் காண்பது எளிது: அவர்கள் யாரும் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. முதுகு களத்துக்கு, முகம் கேலரிக்கு. கோல் விழும் சத்தம் கேட்டு ஒருவர் தலையைத் திருப்பினாலும் அந்த வரிசையில் பயிற்சி போதவில்லை என்று அர்த்தம். ஏனென்றால் ரசிகன் குதிப்பது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

பலவீனமான இடங்கள் எல்லா மைதானத்திலும் ஏறக்குறைய ஒன்றே. கேலரிப் படிக்கட்டு வந்து முடியும் இடம் முதலாவது. மேலிருந்து இறங்கும் வேகத்தோடே பலகையைத் தாண்டலாம். அடுத்து புகைப்படக்காரர்களுக்காகப் பலகை விட்டுப்போகும் இடைவெளி, மூலைக்கொடிப் பக்கம், சக்கர நாற்காலி வரிசையின் திறப்பு. ஸ்டூவர்டுகளைச் சம இடைவெளியில் வரிசையாக உட்கார வைப்பது பார்க்க அழகு, பயன் குறைவு. படிக்கட்டு அடியில் இரண்டு பேர், நடுவில் ஒருவர் என்று வைப்பதுதான் சரி. கடைசிப் பத்து நிமிடத்தில் முக்காலியை மடித்துவிட்டு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தவர் எழுவதற்குள் ஓடுபவன் பெனால்டி பெட்டிக்குள் போயிருப்பான்.

ஒருவன் தாண்டிவிட்டால்? பக்கத்தில் இருந்த ஸ்டூவர்டு துரத்தக் கூடாது. இதுதான் அடிக்கடி தப்பாகும் இடம். அவர் கிளம்பினால் அங்கே ஓர் ஓட்டை விழும், அடுத்தவன் அதன் வழியே வருவான். துரத்த வேண்டியது, வீரர்கள் களத்துக்கு வந்துபோகும் சுரங்கவழிப் பக்கம் காத்திருக்கும் தனிக்குழு. நேராகப் பின்னால் ஓடாமல் இரண்டு பக்கமிருந்து நெருக்கி, கோட்டுப் பக்கம் ஒதுக்கி, கையைப் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டும். ரக்பி போலப் பாய்ந்து விழுத்துவது கேமராவுக்குத்தான் நன்றாக இருக்கும். 2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) அரையிறுதி முடிந்து ஸ்பெயின் கொண்டாடியபோது, ஒரு ரசிகரைத் துரத்திய காவலர் வழுக்கி வந்து இடித்தது ஆல்வரோ மொராட்டாவின் காலில். தண்ணீர் தெளித்த புல்லில் தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ நிற்காது. தனிக்குழுவுக்காவது பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுப்பது பெரிய செலவில்லை.

சீருடையை நம்பி ஏமாறுவதும் உண்டு. 2018 உலகக் கோப்பை இறுதியில் மாஸ்கோவின் லுஷ்னிகி களத்துக்குள் ஓடிய நான்கு பேரும் போலீஸ் உடையில் இருந்தார்கள். தண்டனை 15 நாள் காவல், மூன்று ஆண்டு விளையாட்டரங்கத் தடை.

இனி சட்டம். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அனுமதியோ நியாயமான காரணமோ இல்லாமல் ஆடுகளத்தில் இறங்குவதைக் குற்றமாக்குகிறது. களத்தை ஒட்டிய, ரசிகர்களுக்கு அனுமதியில்லாத பகுதிக்கும் இது பொருந்தும். அதாவது வெள்ளைக் கோட்டைத் தொட வேண்டியதில்லை, பலகையைத் தாண்டினாலே போதும். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிலிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை சட்டம் செல்லும். "விசில் ஊதியாச்சே" என்ற வாதம் எடுபடாது. நெரிசலுக்கோ தீக்கோ பயந்து குதித்தால் அது நியாயமான காரணம். பிராட்ஃபோர்டு, ஹில்ஸ்பரோ இரண்டையும் பார்த்த நாட்டில் இந்த வாசல் திறந்தே இருக்க வேண்டும்.

அபராதத்தின் உச்சம் 1,000 பவுண்டு. வேடிக்கைக்காக ஓடி, அந்த வீடியோவில் காசு பார்ப்பவனுக்கு இது விளம்பரச் செலவு. டிவி கேமராக்கள் ஓடுபவனைக் காட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் முன்பு உதவியது. இப்போது கேலரி முழுக்கக் கைபேசி. உண்மையில் கடிப்பது, ஆட்டத்துக்கே போகவிடாமல் நீதிமன்றம் போடும் கால்பந்துத் தடை உத்தரவு. சிறை இல்லாத வழக்கில் 3 முதல் 5 ஆண்டு, சிறையோடு சேர்ந்தால் 6 முதல் 10 ஆண்டு. வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை. ரசிகனுக்கு வலிப்பது பணம் அல்ல, சனிக்கிழமை. அந்த வகையில் முழு ஏற்பாட்டிலும் ஒழுங்காக வேலை செய்யும் பகுதி இதுதான். கைநீட்டியவர்களுக்குச் சிறையும் உண்டு: பில்லி ஷார்ப்பைத் தாக்கியவருக்கு 24 வாரம், 2019 மார்ச்சில் பர்மிங்காமில் ஆஸ்டன் வில்லா வீரர் ஜாக் கிரீலிஷைப் பின்னாலிருந்து குத்தியவருக்கு 14 வாரம்.

யாரையும் தொடாமல், செல்ஃபிக்காக மட்டும் ஓடியவனை? ஆட்டம் நடக்கும்போது என்றால் தண்டிக்கத்தான் வேண்டும். ஓடிவருபவன் கையில் இருப்பது கைபேசியா முஷ்டியா என்று வீரனுக்குத் தெரியாது. சிரித்து விட்டால் என்ன ஆகும் என்பதை 2024 யூரோவில் டார்ட்மண்டில் பார்த்தோம்: ஒரு சிறுவனுக்கு ரொனால்டோ செல்ஃபி கொடுத்தார், அதன்பின் அடுத்தடுத்து ஆட்கள் குதித்துக்கொண்டே இருந்தார்கள். சிறுவன் மேல் வழக்கு வேண்டாம். ஆனால் கூட வந்த பெரியவருக்கும் தடை போடலாம் என்ற 2022 விதி கடுமையாகத் தெரிந்தாலும் சரியானது.

ஆயிரக்கணக்கில் இறங்கும்போதுதான் ஏற்பாடு திணறுகிறது. சட்டப்படி எல்லோரும் குற்றவாளி, நடைமுறையில் கேமராவில் முகம் தெளிவாக விழுந்த சிலர் மட்டும் நீதிமன்றம் போகிறார்கள். அது தண்டனை அல்ல, சீட்டுக் குலுக்கல். அங்கே பில் கிளப்புக்குப் போவதே முறை. எவர்ட்டனுக்கு எஃப்ஏ விதித்த 3,00,000 பவுண்டு அப்படித்தான். அதே எஃப்ஏ கிரீலிஷ் விவகாரத்தில் பர்மிங்காம் சிட்டியிடம் வாங்கியது 42,500 தான்.

ஆட்டம் முடிந்தபின் என்று தள்ளிவைத்த ஓட்டைக்கு வருவோம். 105-க்கு 68 மீட்டர் களத்தில் சுரங்கவழி நடுக்கோட்டுப் பக்கம் இருந்தால், கோல்கீப்பர் அதை அடைய அறுபது மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். அவர் வலைக்குப் பின்னால் இருக்கும் ரசிகன் வர வேண்டியது சில மீட்டர்தான். பட்டமோ தரமிறக்கமோ தீர்மானமாகும் நாளில், கடைசி விசிலுக்கு முன்பே இரண்டு கோல்கம்பங்களுக்குப் பின்னாலும் நான்கு நான்கு பேரை நிறுத்தி, விசில் ஊதியதும் கோல்கீப்பரைச் சூழ்ந்து அழைத்துப்போவதை மட்டும் அவர்கள் வேலையாக வைக்க வேண்டும். கூட்டத்தை எட்டுப் பேர் நிறுத்த முடியாது. ஒரு கோல்கீப்பரை வெளியே கொண்டுபோக நான்கு பேர் போதும்.