பழைய படித்துறையில ஃபெர்ரி விட மிதக்கும் ஜெட்டியா (படகுல ஏறி இறங்குற மேடை), கான்கிரீட் ஜெட்டியா?

பழைய நகரத்துக் கரையில ஆபீஸ் போறவங்களுக்கு ஃபெர்ரி விடணும்னா முதல் சண்டையே இதுலதான் வருது.

ஏறி இறங்க:
மிதக்கறது: தண்ணி ஏறுனா கூடவே ஏறும், படகும் ஜெட்டியும் ஒரே மட்டம், வீல்சேர் நேரா உள்ள போயிரும். ஆனா கரையோட சேர்க்குற சாய்வுப் பாலத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, 12 அடிக்கு 1 அடி சரிவுன்னு வச்சா 5 அடி ஏத்த இறக்கத்துக்கே 60 அடி பாலம் வேணும், குட்டையா போட்டா தண்ணி வத்துறப்ப ஏணி மாதிரி நிக்கும்.
கான்கிரீட்: தண்ணி மட்டம் பெருசா மாறாத இடத்துல ஓகே. மத்த இடத்துல பாசி புடிச்ச கீழ்ப்படியில கால வச்சு தாவணும், காலைல அவசரத்துல யாரு தாவுறது?

பழைய கல்லுக்கு:
மிதக்கறது: சில பைல் (தண்ணிக்கு அடியில மண்ணுக்குள்ள இறக்குற தூண்) போதும், வேணாம்னா ஜெட்டிய கழட்டிடலாம்.
கான்கிரீட்: நிறைய பைல், அடிக்கிற அதிர்வுல பழைய சுவர் விரிசல் விடலாம். துளை போட்டு வார்க்குற பைல்னா பரவால்ல.

செலவு, உழைப்பு:
மிதக்கறது: சீக்கிரம் முடியும், ஆனா துரு, சிப்பி, சங்கிலின்னு பராமரிப்பு ஓயாது.
கான்கிரீட்: மொதல்லயே பெரிய செலவு, அப்புறம் வருஷக்கணக்கா நிக்கும். உப்புத்தண்ணின்னா உள்ள கம்பிய பாத்துக்கணும்.

ஓதம் (கடல் தண்ணி ஏறி இறங்குறது) இருக்குற பாரம்பரியக் கரைக்கு என் ஓட்டு மிதக்கறதுக்குத்தான், வெனிஸ்லயும் கொச்சி வாட்டர் மெட்ரோலயும் அதான். மட்டம் மாறாத ஏரி, பராமரிக்க ஆள் இல்லாத ஊருன்னா கான்கிரீட்டுக்கே போங்க.