வீட்டுக்குள் வந்த கண்டம்

"என்னடா பெட்டி இது?" என்று அம்மா கேட்டார். கன்டம் (Gundam) என்றேன். "காசு குடுத்து யாராச்சும் கண்டத்த வீட்டுக்குள்ள கொண்டாருவாங்களா?" அன்றிலிருந்து எங்கள் லயத்துக் காம்பராவில் அந்த ஜப்பான் கார்ட்டூன் ரோபோவுக்கு அதுதான் பெயர்.

வாங்கியது ஜப்பான் பொம்மைக் கம்பனி பண்டாயின் ஆர்எக்ஸ்-78-2 என்ற கன்டம், புதியவர்களுக்கான 'என்ட்ரி கிரேட்' வகை. 2020இல் வந்த கிட், துண்டு துண்டாக வரும், நாமே பொருத்த வேண்டும். ஒன்லைனில் கொழும்பு ஆள் ஒருவரிடம் சொல்லி எடுத்தேன், கூரியரோடு 4,800 ரூபாய். ஜப்பானில் இது ஆயிரம் யென்னுக்கும் குறைவு என்று பிறகு தெரிந்ததும் வயிறு எரிந்தது. பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் ஹட்டனுக்கு வந்தது. உள்ளே சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் டவுனில் போன் திருத்துகிறவன். பின்மூடியை உடையாமல் கழற்றி, திரும்ப 'டிக்' என்று உட்கார வைப்பதுதான் நாள் முழுக்க வேலை. அதனால் பசையில்லாமல் அழுத்திப் பொருத்துகிற பிளாஸ்டிக் என்றாலே எனக்குச் சந்தேகம். ஒன்று தொளதொளவென்று இருக்கும், இன்னொன்று நகம் பெயர அழுத்தினாலும் இறங்காது. இதில் அப்படி ஒரு துண்டுகூட இல்லை. காலின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோட்டைக் கடை லென்ஸை மாட்டிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. 1980இல் வந்த முதல் கன்டம் கிட் 300 யென். அதைப் பசை தடவி ஒட்டி, வர்ணமும் நாமே அடிக்க வேண்டும். இதில் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே வந்துவிடுகிறது. கண்ணுக்குக்கூட ஸ்டிக்கர் கிடையாது.

துண்டுகளைப் பிளாஸ்டிக் சட்டத்தோடு பிடித்திருக்கும் காம்பு அவ்வளவு மெல்லிசு. கட்டரே வேண்டாம், விரலால் எடுத்துவிடலாம். ஒரு சட்டத்தை அம்மா கையில் கொடுத்தேன். முப்பது வருஷம் கொழுந்தெடுத்த விரல். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் அத்தனையையும் கிள்ளி மடியில் போட்டிருந்தார், ஒன்றிலும் காயமில்லை. ஆனால் எண் இருப்பது சட்டத்தில், துண்டில் இல்லை! எது வலது முழங்கை, எது இடது என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் போனது. விளக்கத்தாள் ஜப்பான் மொழிதான். படம் தெளிவாக இருப்பதால் அது ஒரு தடையில்லை.

பண்டாயின் கன்டம் ஆலை ஷிசுவோகாவில் இருக்கிறது. ஜப்பானில் தேயிலைக்குப் பேர்போன ஊர் அது. சொன்னதும் அம்மாவுக்கு வந்த முதல் கேள்வி: "அங்க ஒரு நாளைக்கு எத்தன கிலோ?" பெரும்பாலும் மெஷினில் வெட்டுவார்களாம் என்றேன். அதற்கு மேல் பேசவில்லை.

கதையில் இது 18 மீற்றர் ரோபோ. இந்த கிட் அதில் 144இல் ஒரு பங்கு என்றால் கையில் இருப்பது 12.5 சென்ரிமீற்றர். பொருத்தி முடித்து நிறுத்தினேன், பள்ளிக்கூட அசெம்பிளிப் பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்க வைத்தால் அதை நமக்குக் காட்டுகிற மாதிரி இருக்கிறதே தவிர, சுடுகிற மாதிரி இல்லை.

அம்மா இஸ்தோப்பிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்படிக்கிறவன் இப்படியா நிப்பான்?" மாசியில் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர். பாரம் முழுக்க ஒரு காலில், மறு கால் கொஞ்சம் விலகி, இடுப்பு ஒரு பக்கம், நெஞ்சு எதிர்ப்பக்கம். நான் திருப்பத் திருப்ப அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியாகத் தலையைச் சற்றுக் குனிய வைத்து, குறி பார்க்கும் பக்கம் திருப்பியதும் பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது. முழங்கை நன்றாக மடங்குகிறது, தோளும் கொஞ்சம் முன்னுக்கு இழுபடுகிறது. கணுக்கால் பக்கவாட்டில் சாய்வதால் கால் அகட்டினாலும் பாதம் தரையில் படிந்தே நிற்கிறது. இந்த விலைக்கு நான் எதிர்பார்க்காதது இந்தக் கணுக்கால்தான்.

குறை என்றால் விரல்கள் அசையாது. பறக்கிற மாதிரி வைக்க ஸ்டாண்ட் தனியாக வாங்க வேண்டும். கேடயத்துக்கு ஸ்பிரேயில் பளபளப்பில்லாத மட் பூச்சு அடித்து வெள்ளை பூக்க விட்டது கிட்டின் குறையில்லை, என் அவசரம். ஜூலை மழையில், மிஸ்ட் வாசலில் நிற்கும்போது யாராவது ஸ்பிரே அடிப்பார்களா? நம் பக்கத்து ஆட்கள் வெயிலுக்காகக் காத்திருங்கள், இல்லாவிட்டால் அப்படியே விடுங்கள். பிளாஸ்டிக்கே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கட்டர், ஸ்டிக்கர் வேலையெல்லாம் பிடிக்கும் என்பவர்கள் இதற்கு அடுத்த வகையான ஹை கிரேட் எடுக்கலாம். முதல் கிட் என்றால் இதுவே போதும். அடுத்த மாதம் இன்னொன்று எடுக்கிறேன். இந்தத் தடவை கிள்ளுவதற்கு முன் எண்ணை வாசித்துச் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் இப்போதே பேசி வைத்திருக்கிறேன்.