ஒரே படுக்கைக்கு மூன்று ரசீதுகள்: மீட்பு இல்லங்களுக்குப் பணம் கொடுப்போர் கவனத்துக்கு

போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருபவர்கள் தங்கும் மீட்பு இல்லம் ஒன்றுக்கு நானும் என் உறவினர்கள், நண்பர்கள் சிலரும் நன்கொடை கொடுத்தோம். என் தம்பி அதே இல்லத்தில் தங்கியும் இருந்தான். கொடுத்த பணம் சொன்ன காரியத்துக்குச் செலவாகவில்லை. தங்கியிருந்தவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பும் கிடைக்கவில்லை. எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் அந்த இல்லத்தின் பெயரையோ நடத்தியவரின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. பணம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறியது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். இப்படிப்பட்ட இல்லத்துக்கு உதவ நினைப்பவர்களுக்கும், பிள்ளையையோ உடன்பிறந்தவரையோ சேர்க்க நினைப்பவர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

மீட்பு இல்லத்தைப் பலர் சிகிச்சை மையம் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். சிகிச்சை மையத்தில் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, சில வாரங்களில் வெளியே அனுப்பிவிடுவார்கள். வெளியே வருபவர் பழைய அறைக்கும் பழைய கூட்டாளிகளுக்கும் திரும்பிப் போனால் பழக்கமும் திரும்பிவிடும் என்பதால், அவர் சில மாதங்களோ சில ஆண்டுகளோ குடியோ போதையோ இல்லாத ஒரு வீட்டில், அதே பாதையில் நடப்பவர்களோடு சேர்ந்து வாழ்வதற்காக ஏற்பட்டதுதான் மீட்பு இல்லம். சட்டத்தின் பார்வையில் இது பெரும்பாலும் ஒரு சாதாரணக் குடியிருப்பு. மருத்துவ நிலையங்களுக்கு உள்ள உரிமமும் ஆய்வும் பல இடங்களில் இதற்குத் தேவைப்படுவதில்லை. நல்ல எண்ணத்தோடு நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்த இந்தச் சுதந்திரம் வழிவிடுகிறது. எங்களை ஏமாற்றியவருக்கும் அதே சுதந்திரம்தான் வழிவிட்டது.

இந்த இல்லங்களை நடத்தப் பெருந்தொகை தேவை என்று சொல்லித்தான் எங்களிடம் வந்தார்கள். உண்மையில் எவ்வளவு குறைந்த பணத்தில் இதை நடத்த முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் இல்லங்கள் ஐம்பது ஆண்டுகால உதாரணம். 1975இல் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் நகரில் தொடங்கிய அந்த முறையில் சம்பளம் வாங்கும் மேலாளரே கிடையாது. தங்கியிருப்பவர்களே வாடகையையும் மின்கட்டணத்தையும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள், தங்களுக்குள் தலைவரையும் பொருளாளரையும் குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், புதிதாக ஒருவரைச் சேர்ப்பதை வாக்கெடுப்பில் முடிவு செய்கிறார்கள். 1988இல் அந்நாட்டில் வந்த ஒரு சட்டம், இப்படி வீடு தொடங்கும் குழுக்களுக்கு மாநிலங்கள் 4,000 டாலர் வரை கடன் கொடுக்கவும், அதை மாதத் தவணையாக இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பப் பெற்று அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும் வழி செய்தது. முன்பணத்துக்கும் கட்டில் மெத்தைக்கும்தான் அந்தக் கடன். மற்றதெல்லாம் தங்குபவர்களின் சொந்தச் சம்பாத்தியம். சிக்கனமாக நடப்பதால் பலன் குறைந்துவிடவும் இல்லை. அந்நாட்டின் டிபால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிகிச்சை முடித்த 150 பேரை இரு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். இந்த இல்லங்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேரும், வழக்கமான பின்கவனிப்போடு விடப்பட்டவர்களில் சுமார் 65 சதவீதம் பேரும் மீண்டும் போதைக்குப் போயிருந்தார்கள்.

எங்களிடம் வந்தவர் தானும் ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாக இருந்து மீண்டவர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். அது பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, உண்மையாகவும் இருக்கலாம். அவர் முன்வைத்த திட்டம் எளிமையானது. ஒரு படுக்கைக்கு ஓராண்டுக்கு ஆகும் செலவை ஒரு நன்கொடையாளர் ஏற்றுக்கொண்டால், கையில் காசில்லாத ஒருவர் வாடகை கொடுக்காமலேயே அங்கே தங்கித் தேறிவிடலாம். ரசீதில் படுக்கை எண்ணைக்கூட எழுதிக் கொடுத்தார்கள். அந்த எண்தான் பின்னாளில் அவர்களைக் காட்டிக் கொடுத்தது. என் சித்தப்பா மகளிடமும், எங்கள் குடும்பத்துக்குத் தொடர்பே இல்லாத வேறிருவரிடமும் அதே ஆண்டுக்கு, அதே எண் போட்ட ரசீதுகள் இருந்தன. கேட்டபோது, ரசீதில் உள்ள எண் அடையாளத்துக்காக மட்டும் என்றும், நன்கொடை அனைத்தும் பொதுநிதியில்தான் சேரும் என்றும் பதில் வந்தது. பொதுநிதியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டோம். தணிக்கை நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். எந்தத் தணிக்கையாளர் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

கட்டிட வாடகை பற்றியும் சொல்ல வேண்டும். இல்லம் ஓர் அறக்கட்டளையின் பெயரில் இயங்கியது. கட்டிடமோ நடத்துபவரின் மனைவிக்குச் சொந்தமான நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அறக்கட்டளை அந்த நிறுவனத்துக்கு மாதந்தோறும் கொடுத்த குத்தகைத் தொகை, அதே தெருவில் அதே அளவு வீடுகளுக்குக் கிடைக்கும் வாடகையைவிட மிக அதிகம். அறக்கட்டளையின் ஏட்டில் எப்போதும் பற்றாக்குறை. நிறுவனத்தின் ஏட்டில் எப்போதும் வருமானம். பற்றாக்குறையைக் காட்டி எங்களிடம் மறுபடியும் நன்கொடை கேட்டார்கள். வாடகை யாருக்குப் போகிறது என்ற ஒரே கேள்வி இந்த முடிச்சை அவிழ்த்திருக்கும் என்பதால்தான், நன்கொடை கொடுக்கும் முன் குத்தகை ஒப்பந்தத்தைப் பார்க்கக் கேளுங்கள் என்று இப்போது எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

இதுவரை சொன்னது சாதாரணப் பண மோசடி. இதைவிட மோசமானது காப்பீட்டின் வழியாக நடந்தது.

தம்பி சேர்ந்த சில வாரங்களிலேயே தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னான்: "அக்கா, இங்கே வாடகை இல்லைன்னு சொன்னாங்க, ஆனா அவங்க சொல்ற கிளினிக்குக்குப் போகாதவங்களை இருக்க விடமாட்டேங்கறாங்க." இலவசத் தங்கலுக்கு அதுதான் நிபந்தனையாக இருந்திருக்கிறது. காப்பீடு உள்ளவர்கள் எல்லாரும் குறிப்பிட்ட ஒரு புறநோயாளர் மையத்துக்கு வாரத்தில் பல நாள் போக வேண்டும். அங்கே எடுக்கும் சிறுநீர் மாதிரிகள் குறிப்பிட்ட ஓர் ஆய்வகத்துக்கே போகும். போதை உட்கொண்டாரா என்று பார்க்க, சில நிமிடங்களில் முடிவு காட்டும் மலிவான பரிசோதனைக் குவளையே போதும். ஒழுங்காக நடத்தப்படும் இல்லங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே ஒவ்வொரு மாதிரிக்கும், குடிப்பழக்கத்துக்காக மட்டும் வந்திருந்த என் தம்பியின் மாதிரிக்கும்கூட, பத்துப் பன்னிரண்டு வகைப் போதைப் பொருள்களுக்குத் தனித்தனியாக உறுதிப்படுத்தும் சோதனை செய்ததாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டணப் பட்டியல் போயிருந்தது. காப்பீட்டு நிறுவனம் வீட்டுக்கு அனுப்பிய விவரத்தாளைப் படித்தபோதுதான் எங்களுக்கே இது தெரிந்தது. நாங்கள் ஓராண்டுக்குக் கொடுத்த நன்கொடை, அவனுடைய சில மாதப் பரிசோதனைக் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அப்படியிருக்க எங்களிடம் ஏன் நன்கொடை கேட்டார்கள் என்பது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

தேடிப் படித்தபோது இந்த முறை புதிதல்ல என்று தெரிந்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் இது பரவலாக நடந்து, மீட்பு இல்ல உரிமையாளர் ஒருவருக்கு 2017இல் 27 ஆண்டுகளுக்கும் மேலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆள் அனுப்புவதற்காக இல்லங்களும் சிகிச்சை மையங்களும் ஆய்வகங்களும் தங்களுக்குள் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் தனிக் குற்றமாக்கி, 2018 அக்டோபரில் அந்நாடு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு குற்றத்துக்கும் பத்தாண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு. அதற்குப் பிறகும் அது நின்றுவிடவில்லை. 2023 மே மாதத்தில் அரிசோனா மாநிலம், பூர்வகுடி மக்களைக் குறிவைத்து ஆள் பிடித்து இல்லங்களில் வைத்துக்கொண்டு, கொடுக்காத சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டில் பணம் கேட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தியது. விசாரணை தொடங்கியதும் இல்லங்கள் இரவோடு இரவாக மூடப்பட்டு, அங்கிருந்த பலர் தெருவுக்கு வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒருவர் தேறிவிட்டால் வருமானம் நின்றுவிடும். சறுக்கி விழுந்தால் வருமானம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தம்பியின் அறையில் இருந்தவருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு இதை நான் வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. அவர் ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் பொருளுக்கு அடிமையாகி, மருத்துவர் எழுதிக் கொடுத்த புப்ரெனார்பின் மாத்திரையால் நிலைபெற்று வந்தவர். அதுவும் ஒரு போதைதான் என்று சொல்லி இல்லத்தில் அந்த மாத்திரையைப் பறித்துவைத்தார்கள். அந்த மருந்து ஏக்கத்தை அடக்குவதோடு, அளவு மீறி உயிர் போகும் அபாயத்தையும் குறைக்கிறது என்பது மருத்துவ உலகில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. நிறுத்துவதா வேண்டாமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். மருந்து நின்ற சில வாரங்களில் அவர் பழைய பொருளைத் தேடிப் போனார். திரும்பி வந்த இரவே, விதியை மீறிவிட்டார் என்று பையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சில காலம் போதையை விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு எடுத்துக்கொண்ட அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். அதனால்தான் சறுக்கல் நேர்ந்த இரவில் ஒருவரைத் தனியாக விடக் கூடாது என்கிறார்கள். ஓபியாய்டு அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் மருந்தான நலாக்சோன் மூக்குத் தெளிப்பானை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வைத்து, அதைப் பயன்படுத்தவும் எல்லாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த இல்லத்தில் தெளிப்பான் மேலாளரின் பூட்டிய அறையில் இருந்தது. மற்றவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதால் போதையில் இருப்பவரை அந்த வீட்டில் வைத்திருக்க முடியாது என்ற விதியில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸிலும் அப்படிப்பட்டவரை வெளியேற்றுகிறார்கள். ஆனால் வெளியேற்றப்படுபவர் எங்கே போவார், யார் கூட்டிப் போவார் என்பதை அவர் சேரும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ள முடியும். அந்த மனிதர் ஒரு பேருந்து நிறுத்தத்தில் மயங்கிக் கிடந்து, வழிப்போக்கர் ஒருவரால் மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்தார். அங்கிருந்து அதே கூட்டத்தைச் சேர்ந்த, உடலிலிருந்து போதையை இறக்கும் நச்சுநீக்க மையம் அவரை எடுத்துக்கொண்டது. பிறகு அதே இல்லத்துக்கு, அதே அறைக்கு, புதிய ஆளாகப் பதிவாகித் திரும்பினார். காப்பீட்டுக்கும் புதிய கணக்கு தொடங்கியது.

இவ்வளவையும் எழுதியதால், வாடகை வாங்கும் இல்லங்கள் எல்லாம் கெட்டவை, இலவசமாகக் கொடுப்பவை நல்லவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் அனுபவம் அதற்கு நேர்மாறானது. நேர்மையாக நடத்துபவர்களுக்கும் பணக் கஷ்டம் உண்டு: படுக்கைகள் காலியாகக் கிடக்கும் மாதங்களிலும் வீட்டு உரிமையாளருக்கு முழு வாடகை கொடுக்க வேண்டும், வேலை கிடைக்காதவர்கள் பங்கைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைப்பார்கள், நான்கு பேருக்குக் கட்டிய குளியலறையைப் பத்துப் பேர் பயன்படுத்தும்போது பழுதுச் செலவு ஓயாது. இதையெல்லாம் தாங்க ஓரிரு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருக்கும் இல்லத்தில், அந்தக் கணக்கைத் தங்கியிருப்பவர்களே வாராந்தரக் கூட்டத்தில் பார்க்கிறார்கள். நன்கொடை கொடுக்க விரும்பினால், முன்பணத்துக்கோ வேலை தேடும் முதல் மாதங்களின் பங்குக்கோ, பெயரும் கால வரம்பும் குறித்துக் கொடுப்பதே பாதுகாப்பு. "எங்கள் மையத்துக்குப் போனால்தான் தங்கலாம்" என்ற நிபந்தனை வாய்மொழியாக வந்தால்கூட அங்கே பிள்ளையைச் சேர்க்காதீர்கள். மருத்துவர் எழுதிய மருந்தை அனுமதிப்பார்களா, பரிசோதனை எந்த ஆய்வகத்துக்குப் போகும், முன்பணம் எந்த நாளுக்குள் திரும்பும் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குபவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. அடுக்கடுக்காகச் சான்றிதழ்களைச் சட்டமிட்டு மாட்டியிருந்தால் அவை எந்த அமைப்பு கொடுத்தவை, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டவை என்று அந்த அமைப்பிடமே கேட்டுவிடுங்கள். நாங்கள் பார்த்த சுவரில் தொங்கியவற்றில் ஒன்று, இரண்டு நாள் பயிற்சிக்கு வந்து போனதற்கான சான்று மட்டுமே.

தம்பி இப்போது தங்குபவர்களே நடத்தும் வேறொரு வீட்டில் இருக்கிறான். தன் பங்கைத் தன் சம்பளத்திலிருந்து கொடுக்கிறான். பழைய இல்லம் அவனுடைய முன்பணத்தில் ஒரு பகுதியைச் "சுத்தம் செய்த செலவு" என்று கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பியது. நன்கொடையில் எதுவும் திரும்பவில்லை. காப்பீட்டு நிறுவனத்தின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு விவரத்தாள்களோடு எழுதினோம், அவர்கள்தான் மற்ற எல்லாரையும்விட விரைவாக எங்களை அழைத்துப் பேசினார்கள். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் படுக்கை எண் போட்ட ரசீதுகளின் நகல்களையும் குத்தகை ஒப்பந்தத்தின் நகலையும் கொடுத்திருக்கிறோம். படுக்கை எண் எழுதிய ரசீது வேறு யாரிடமாவது இருந்தால், அதைத் தூக்கி எறியாமல், அதே காலத்தில் கொடுத்த மற்ற நன்கொடையாளர்களின் ரசீதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.