ஹேமக் கட்ட எந்த முடிச்சு: பௌலைனா, பெக்கெட்டா?

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத் தோப்புகளில் இரவு தங்கும்போது எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் கூடாரத்தை விட்டு, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் தொங்கு படுக்கையான ஹேமக்குக்கு மாறிவிட்டோம். மாறியதிலிருந்து ஓயாத பேச்சு முடிச்சைப் பற்றித்தான். நான் நைலான் கயிறும் பௌலைன் முடிச்சுமாகத் தொடங்கி, இப்போது பாலியஸ்டர் பட்டையும் (பை வார் போன்ற தட்டை நாடா) பெக்கெட் ஹிட்ச் என்ற முடிச்சுமாக நிலைத்துவிட்டேன். எனவே இது நடுநிலையான ஒப்பீடு அல்ல, ஒரு பக்கம் சாய்ந்ததுதான். ஏன் சாய்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எது பலமான முடிச்சு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஒழுங்காகப் போட்ட எந்த நல்ல முடிச்சும் ஆளைத் தாங்கும். தாங்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் முடிச்சு அல்ல, கோணம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்து இறங்கினால், 70 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 70 கிலோ இழுவிசை விழும். அதே கயிற்றை விறைப்பாக இழுத்து 10 பாகைக்குக் கொண்டுவந்தால் பக்கத்துக்கு 200 கிலோ. முடிச்சு விழும் இடத்தில் கயிற்றின் பலம் வேறு குறையும். மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோணத்தைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சுட்டுவிரலை நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாகத் தூக்குங்கள். சுட்டுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் நுனிக்குப் போகும் கோடு ஏறக்குறைய 30 பாகை. கயிறு அந்தக் கோட்டோடு ஒத்துப்போனால் போதும்.

இதனால்தான் லாரியில் லோடுக்கு மேல் தார்ப்பாய் கட்டும்போது போடுகிற இழுவை முடிச்சை, அதாவது டிரக்கர்ஸ் ஹிட்ச்சை, ஹேமக்குக்கு நான் சேர்ப்பதில்லை. சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் கையில் அது அருமையான முடிச்சு. ஆனால் அதன் வேலையே விறைப்பாக இழுப்பது. நமக்கு வேண்டியது தொய்வு.

மெல்லிய கயிற்றில் உருவாஞ்சுருக்கை மரத்தில் போட்டால் எடை ஏற ஏற மரத்தின் பட்டையை இறுக்கும், வேண்டாம். இரண்டு அரைமுடிச்சு போடுவது சுலபம்; ஆனால் மெல்லிய நைலானில் ஓர் இரவு ஆள் படுத்தபின் அதை நகத்தால் நோண்ட வேண்டியிருக்கும். டாட்லைன் ஹிட்ச் கயிற்றின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்து பிடிக்கும் என்பதால் ஆசை காட்டும். வழுவழுப்பான கயிற்றில் ஆள் எடைக்கு அது மெல்ல நழுவும். மழைத்துணியின் மூலைக் கயிற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மிஞ்சியவை இரண்டு.

பௌலைன் பழைய, நம்பகமான முடிச்சு. கயிற்றில் சின்னக் கண்ணி ஒன்று போட்டு, நுனியை அதன் வழியே மேலே எடுத்து, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த வழியே கண்ணிக்குள் திரும்ப விட வேண்டும். சுருங்காத வளையம் கிடைக்கும். எவ்வளவு எடை ஏறினாலும் இறுகிச் சிக்கிக்கொள்ளாது, காலையில் அதன் முதுகை மடக்கினால் இளகிவிடும். இதற்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

அதன் குறை நம் ஊரில் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எடை இருக்கும்வரைதான் பௌலைன் உறுதி. எடை இல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தால் தளரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வரைக்கும் எப்படி அடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மதியம் கட்டிவிட்டுச் சமையலுக்குப் போனால், காலி ஹேமக் பொழுதுசாயும் வரை படபடவென்று அடித்துக்கொண்டே கிடக்கும். வழுக்குகிற கயிறாக இருந்தால் நுனி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒரு சாண் வால் விட்டு, அந்த வாலை வளையத்தின் காலில் ஒரு முடி போட்டுவிட்டால் சரியாகிவிடும். அப்படியே பௌலைனில் இருக்க விரும்புபவர்கள், படுக்கும்முன் ஒருமுறை முடிச்சைக் கையால் தடவிப் பார்ப்பதை விடவே கூடாது.

நான் பெக்கெட்டுக்கு மாறியது இதனால் அல்ல. நீளத்தை மாற்றும் வசதிக்காக.

தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் பொதுவாக 25 அடி விட்டு நட்டிருப்பார்கள். ஹேமக்குக்கு வசதியான இடைவெளி 12 முதல் 15 அடி. 14 அடி இடைவெளியில் 30 பாகை வர, மரத்தில் ஆறடிக்குள் கட்டினால் போதும். 25 அடி இடைவெளியில் 11 அடி ஹேமக்கைக் கட்டும்போது பக்கத்துக்கு ஏறக்குறைய ஒன்பதடி கயிறு தேவைப்படும். அது 30 பாகையில் இறங்க வேண்டுமானால், படுக்கை தரையிலிருந்து ஒன்றரை அடியில் நிற்க, மரத்தில் ஏறக்குறைய ஒன்பதடி உயரத்தில் கட்ட வேண்டும். ஏணியோ வண்டியோ வைத்து ஏறித்தான் அங்கே கை எட்டும். இனி, படுத்துப் பார்க்கிறீர்கள், முதுகு தரையில் தட்டுகிறது. முடிச்சு மரத்தில் இருந்தால் மறுபடி ஏற வேண்டும். பௌலைனில் நீளம் மாற்றுவது என்பது முழுதாக அவிழ்த்துத் திரும்பப் போடுவது. எடை இருக்கும்போது அதை அவிழ்க்கவும் முடியாது. நைலான் கயிறு எடையிலும் பனி ஈரத்திலும் நீளும் என்பதால் ராத்திரி ஒரு தடவையாவது இந்த வேலை வரும்.

பெக்கெட்டில் முடிச்சு மரத்தில் இல்லை, ஹேமக் முனையில், நெஞ்சு உயரத்தில் இருக்கும். மரத்தில் பட்டையின் ஒரு நுனியில் நிரந்தரக் கண்ணி. மரத்தைச் சுற்றி, பட்டையை அந்தக் கண்ணிக்குள் கோத்து இழுத்துவிட்டால் அங்கே வேலை முடிந்தது. அந்தக் கண்ணியை ஒருமுறை எட்டு வடிவ முடிச்சாகப் போட்டால் அவிழ்க்கவே தேவையில்லை, எனவே அது இறுகினாலும் கவலையில்லை.

போடும் விதம் இது. ஹேமக் முனையில் கயிற்றுக் கண்ணி இருக்கும். மரத்திலிருந்து வரும் பட்டையை அந்தக் கண்ணிக்குள் கீழிருந்து மேலே விடுங்கள். கண்ணியின் இரண்டு கால்களையும் சேர்த்து அவற்றின் கழுத்தைப் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றுங்கள். இப்போது நுனியைக் கண்ணிக்குள் திரும்ப விடாமல், கண்ணியிலிருந்து மேலே வந்த அதே பட்டைக்கு அடியில் செருகுங்கள். நுனியை ஒற்றையாகச் செருகாமல் மடித்துச் செருகினால் காலையில் வாலைப் பிடித்து ஒரு இழு, கழன்றுவிடும். எடை ஏறும்போது பட்டையே தன் வாலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பட்டை வழுவழுப்பாக இருந்தால் கழுத்தை இரண்டு சுற்று சுற்றுங்கள். ராத்திரி முழுக்கத் தூங்கப்போகிறீர்கள் என்றால் மிச்ச வாலை அந்த மடிப்புக்குள் விட்டுவிடுங்கள், தவறி இழுபடாது. உயரம் மாற்ற வேண்டுமா, இறங்கி நின்று, மடிப்பை உருவி, நான்கு விரல்கடை பட்டையை இழுத்து, மறுபடி செருகினால் முடிந்தது. இருட்டில், டார்ச் இல்லாமல், கை உணர்விலேயே செய்யலாம்.

ஒன்று கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் ஹேமக்குகள் பலவற்றில் முனையில் இரும்புக் கொக்கி மாட்டியிருக்கும். தடித்த கொக்கியின் மேல் பெக்கெட் சரியாகப் பிடிக்காது. கொக்கியைக் கழற்றிவிட்டு மெல்லிய, உறுதியான கயிற்றுக் கண்ணியில்தான் போட வேண்டும்.

பட்டைக்கு இன்னொரு நியாயம் மரத்தின் பக்கம் இருக்கிறது. முதன்முறை கயிற்றோடு போனபோது தோப்புக்காரர் ஒருவர் சொன்னார்: "தென்னையில கயிறு வெட்டுச்சுன்னா ஆறாதுங் தம்பி, வண்டு எறங்கிரும்." அவர் சொன்னது அப்படியே உண்மை. வேம்பு, புங்கன் போலப் பட்டைக்கு அடியில் புதிதாக வளர்ந்து காயத்தை மூடும் திசு தென்னைக்குக் கிடையாது. தண்டில் விழுந்த வெட்டு கடைசிவரை வெட்டுதான். அந்தக் காயத்தைத் தேடி வந்துதான் சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். எனவே மெல்லிய கயிற்றை எந்த முடிச்சில் போட்டாலும் தென்னையில் நேரடியாகப் போடாதீர்கள். குறைந்தது ஓரங்குல அகலப் பட்டை வேண்டும். முடிந்தால் தோப்பு வரப்பில் நிற்கும் வேம்பைத் தேடுங்கள். தேங்காயும் மட்டையும் தலையில் விழும் பயமும் இல்லை. காங்கேயம் பக்கக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், முதிர்ந்த வெள்வேல மரங்கள் நன்றாகத் தாங்கும், முள்ளை மட்டும் பார்த்துக் கட்டுங்கள்.

பட்டை வாங்கும்போது பை தைக்கிறவர்கள் பயன்படுத்துவது எல்லாம் ஒன்று என்று எடுத்துவிடாதீர்கள். பாலிப்ரொப்பிலீன் பட்டை இழுபடும், வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும். ஒரு துண்டு வெட்டி, காற்றுக் குமிழி போக நனைத்து, வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன். மூழ்கினால் பாலியஸ்டரோ நைலானோ. நைலானும் நீளும் என்பதால் பாலியஸ்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

சின்ச் பக்கிள் என்ற வளையக் கொக்கியில் முடிச்சே வேண்டாம், பட்டையைக் கோத்து இழுத்தால் பிடித்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு அது பெக்கெட்டைவிடச் சுலபம் என்று ஒப்புக்கொள்கிறேன். எடையும் செலவும் கொஞ்சம் கூடும். ஊப்பி ஸ்லிங் எனப்படும் பின்னல் கயிற்றை நண்பர் ஒருவருடையதில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். இலகுவானது, நீளம் மாற்றுவதும் எளிது. சில வருடம் வெயிலில் கிடந்தபின் அதன் பின்னல் எப்படிப் பிடிக்கும் என்பதை நீண்ட நாள் வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பௌலைனை நான் கைவிட்டுவிடவில்லை. ஹேமக்குக்கு மேலே மழைத்துணி கட்டும் நடுக்கயிற்றின் ஒரு முனை இன்றும் பௌலைன்தான்; மறுமுனையில் டிரக்கர்ஸ் ஹிட்ச். அங்கே விறைப்பு வேண்டும், ஆள் எடை இல்லை, ராத்திரியில் தொட வேண்டியதும் இல்லை.